சட்டைப் பையில் ஒரு மலை

பழைய பாத்திரங்கள் போட்டு வைத்திருக்கும் பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா? இருந்தால் என்றைக்காவது ஒழிந்த வேளையில் இறக்கிப் பாருங்கள். மங்கிப்போன ஒரு மேஜைக் கரண்டியோ, மாம்பழம் நறுக்கும் கத்தியோ அகப்பட்டாலும் அகப்படும். பிடிக்குச் சற்று மேலே, பொடி எழுத்தில் "ஷெபீல்டு" என்று பொறித்திருக்கும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கத்தி இருந்தது. பாட்டி அதை யாரையும் தொட விடமாட்டாள். "இது சீமைக் கத்தியடி, சாமானியத்தில் மழுங்காது" என்பாள். அந்தக் கத்தி எந்த ஊரில் பிறந்தது, அதைத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய கை யாருடைய கை என்று நாங்கள் ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஷெபீல்டு இங்கிலாந்தின் வட பகுதியில், எஃகையே உயிராகக் கொண்டு வளர்ந்த நகரம். கத்தி, கரண்டி, கத்தரிக்கோல் எல்லாம் அங்கே செய்து உலகம் முழுவதும் அனுப்பினார்கள். கரண்டிக்கு மெருகு ஏற்றும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. தலையை ஒரு துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, உடுப்பின் மேல் பழுப்புக் காகிதத்தையும் கால்களில் பழைய செய்தித்தாளையும் சுற்றிக்கொண்டு, நாள் முழுவதும் சுழலும் சக்கரத்தின் முன்னால் நிற்பார்களாம். மாலையில் வீடு திரும்பும்போது முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே வெள்ளையாகத் தெரியும். சாணை பிடிக்கிற ஆண்களின் கதி இன்னும் மோசம். கல் தூசியும் எஃகுத் தூசியும் நெஞ்சில் படிந்து, நடு வயதைக் காணாமலே பலர் போய்ச் சேர்ந்தார்கள். இத்தனைக்கும் மேலே, ஊருக்குக் குடை பிடித்த மாதிரி எப்போதும் புகை.

ஆனால் ஆண்டவன் அந்த ஊருக்கு ஒரு சலுகை செய்திருந்தான். தெருக்கோடியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். பீக் மாவட்டம் என்று அதற்குப் பெயர். உதகையில் தொட்டபெட்டாவைப் பார்த்தவர்கள் அதை மலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மிக உயரமான கிண்டர் ஸ்கவுட் கூட 2,000 அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். உச்சியில் பாறையும், கறுத்த ஈர மண்ணும், ஆகஸ்டு மாதத்தில் ஊதா நிறத்தில் பூத்துக் குலுங்கும் ஹெதர் செடியுமாக விரிந்து கிடக்கும் மேட்டு நிலம். காற்று மட்டும் நல்ல காற்று. வாரம் ஆறு நாள் புகையைக் குடித்தவனுக்கு ஏழாவது நாள் வேறு என்ன வேண்டும்?

வேண்டியது கண்ணெதிரே இருந்தது. அங்கே கால் வைக்கத்தான் உரிமை இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் அந்த மேட்டு நிலத்தில் பெரும் பகுதியைப் பார்லிமெண்டுச் சட்டங்களின் துணையோடு பிரபுக்களும் பணக்காரர்களும் தங்கள் பெயருக்கு ஆக்கிக்கொண்டு விட்டார்கள். காலம் காலமாக ஆடு மேய்த்த இடத்தைச் சுற்றிக் கல் சுவர் எழும்பியது. 'கிரௌஸ்' என்று ஒரு காட்டுக் கோழி. அதைச் சுடுவது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. ஆண்டில் சில நாள் வேட்டைக்காக, ஆண்டு முழுவதும் யாரும் உள்ளே வராமல் காவல்காரர்கள் தடியோடு திரிந்தார்கள். கோழி கலைந்துவிடுமாம்!

இந்த ஊரில்தான் 1876-ம் ஆண்டு ஜார்ஜ் ஹெர்பர்ட் பிரிட்ஜஸ் வார்டு பிறந்தார். நீளமான பெயர். ஊரார் "பெர்ட் வார்டு" என்று சுருக்கிக்கொண்டார்கள். எஃகு ஆலையில் இயந்திரத் தொழிலாளியாக வேலை பார்த்தார், தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். ஷெபீல்டில் தொழிலாளர் கட்சிக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். பிற்பாடு சர்க்காரின் தொழிலாளர் இலாகாவில் உத்தியோகம். நடுவில் ஸ்பெயின் தேசத்து அரசியலில் ஈடுபாடு உண்டாகி, 1911-ல் அதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். இத்தனையும் செய்தவரை இன்று ஞாபகம் வைத்திருப்பது இவை எதற்காகவும் அல்ல. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் புத்தகத்துக்காக.

பதினான்கு பேரும் ஒரு சத்திரமும்

அந்தக் காலத்தில் 'கிளாரியன்' என்று ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. எக்காளம் என்று அர்த்தம். தொழிலாளிகளின் பத்திரிகை. அதில் 1900-ம் ஆண்டு வார்டு ஒரு சிறிய அறிவிப்புக் கொடுத்தார். செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, கிண்டர் ஸ்கவுட்டைச் சுற்றி நடக்கப் போகிறோம், வர இஷ்டமுள்ளவர்கள் வரலாம் என்று. அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

வந்தவர்கள் பதினான்கு பேர். பெண்களும் அதில் உண்டு. ரெயிலில் ஈடேல் என்ற கிராமத்தில் இறங்கி, மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஹேபீல்டு, அங்கிருந்து மறுபுறம் ஏறி இறங்கி ஒரு சத்திரம், பிறகு ஹோப் ஸ்டேஷன். ஏறக்குறைய இருபது மைல்! நீளப் பாவாடையும் மூடிய பூட்சுமாக அந்தப் பெண்கள் எப்படி நடந்தார்களோ! சத்திரத்தில் எல்லோரும் தேநீர் குடித்தார்கள். சத்திரத்தின் பெயர் 'பாம்பு'. பயப்பட வேண்டாம், நிலத்துச் சொந்தக்காரரான பிரபுவின் குலச் சின்னத்தில் ஒரு பாம்பு இருந்ததால் வந்த பெயர். போன ஸ்டேஷனுக்கு ஹோப், அதாவது நம்பிக்கை, என்று பெயர் அமைந்தது தற்செயல்தான். கதாசிரியர் யாராவது எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

அன்று அவர்கள் உச்சிக்குப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றித்தான் வந்தார்கள். அந்தச் சுற்றுப் பாதையிலே ஹேபீல்டிலிருந்து சத்திரம் வரையுள்ள பகுதியே, ஒற்றையடிப் பாதைகளைக் காக்க ஏற்பட்ட ஒரு சங்கம் பல காலம் வாதாடி, 1897-ல்தான் திறந்து வைத்தது. மூன்றே வருஷத்துப் பாதை. அதன் இரு பக்கமும் "அத்துமீறி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பலகைகள்.

நடந்தவர்களுக்கு அந்த நாள் பிடித்துப் போயிற்று. திரும்ப ஒரு முறை போகலாம் என்றார்கள். இப்படி உண்டானதுதான் ஷெபீல்டு கிளாரியன் நடைக் கூட்டம். தொழிலாளிகள் தாங்களே கூடி நடத்திய இத்தகைய சங்கங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று.

புத்தகம் வளர்ந்த கதை

சங்கம் என்று ஆகிவிட்டால் நிகழ்ச்சி நிரல் வேண்டாமா? எந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, எந்த ரெயிலைப் பிடிப்பது, எத்தனை மைல், தேநீர் எங்கே, அன்று வழிகாட்டுவது யார் என்று குறிப்பிட்டு ஒரு சிறு பட்டியல் அச்சிட்டார் வார்டு. அது மறு வருஷம் சற்றுப் பருத்தது. பிறகு இன்னும் கொஞ்சம். நம் வீட்டில் மளிகைக் கணக்கு எழுதும் நோட்டு எப்படிச் சமையல் குறிப்பும் மருந்துக் குறிப்பும் சேர்ந்து கனத்துப் போகிறதோ, அப்படி அது பெருத்துக்கொண்டே போயிற்று. ஆனால் அளவு மட்டும் மாறவில்லை. கோட்டின் உள்பையில் நுழைய வேண்டும் என்பது அவர் கட்டளை போலும்.

பிரசுரகர்த்தர், பத்திரிகாசிரியர், ஆராய்ச்சியாளர் எல்லாம் அவரே. பெரும்பாலான கட்டுரைகளும் அவர் எழுதியவையே. என்ன எழுதினார்? ஒரு குன்றுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பார். பொதி குதிரைகள் மூட்டை சுமந்து போன பழைய தடம் எங்கே மறைந்து எங்கே வெளிப்படுகிறது என்பார். வனாந்தரமான மேட்டில் தனியாக நிற்கும் ஒரு கல் தூணைக் காட்டி, இது 1709-ம் ஆண்டு வழிப்போக்கர்களுக்காக நட்டது, இதன் நாலு முகத்திலும் நாலு சந்தை ஊர்களின் பெயர் இருக்கிறது, தடவிப் பார் என்பார். கிழட்டு மேய்ப்பர்களிடமும் குடியானவர்களிடமும் போய் உட்கார்ந்து, வாய்வழியாகவே வழங்கி வந்த பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். சர்க்கார் நில அளவைப் படத்தில் ஓடைக்கும் மேட்டுக்கும் பெயர் தவறாகப் போட்டிருந்தால் விடமாட்டார். திருத்தித் தன் புத்தகத்தில் போடுவார். பக்க அடியில் இடம் மிஞ்சினால் நடையைப் பற்றி ஒரு வாசகம். காலியிடம் என்பதே அவருக்குப் பிடிக்காது.

இதெல்லாம் ஒரு மனிதரின் பொழுதுபோக்குத்தானே என்று நினைக்கலாம். அப்படியல்ல. ஒரு பழைய பாதை இந்த இடத்தில் இருந்தது, இத்தனை தலைமுறையாக ஜனங்கள் இதில் நடந்தார்கள் என்று ருசுப்படுத்திவிட்டால், இங்கிலீஷ் சட்டப்படி அதை அடைக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது. ஆகவே அந்தக் கல் தூணும், பொதி குதிரைத் தடமும், கிழவர் சொன்ன பெயரும் வெறும் பழங்கதை அல்ல, ஒவ்வொன்றும் சாட்சி. பிரபுவின் வக்கீல் பத்திரக் கட்டை எடுத்து வைத்தால், பதிலுக்கு எடுத்து வைக்க ஏழைகளிடம் ஒரு தஸ்தாவேஜு வேண்டாமா? வார்டு அதைத்தான் வருஷத்துக்கு வருஷம் தயாரித்துக்கொண்டிருந்தார். 1912-ல் பாதைகளைக் காக்கத் தனியாகவே ஒரு சங்கம் ஷெபீல்டில் ஏற்பட்டபோது அதன் கர்த்தாக்களில் அவரும் இருந்தார்.

இன்னொரு விஷயம். மெருகுச் சக்கரத்தின் முன் நிற்கிற பெண்ணுக்கும், சாணைத் தூசியில் இருமுகிற ஆணுக்கும், "அந்த மலை யாரோ பெரிய மனிதருடையது" என்ற எண்ணம் ஊறிப் போயிருந்தது. அந்த மலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் பெயர் தெரிந்துவிட்டால் அந்த எண்ணம் நிற்குமா? பெயர் தெரிந்த குழந்தையை யாரும் அநாதை என்று விட்டுவிட மாட்டார்கள்.

கோர்ட்டு உத்தரவு

சொந்தக்காரர்கள் இதை அறியாதவர்களா? வார்டு தானும் காவல்காரர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தடுத்த இடங்களில் நடப்பவர். மற்றவர்களையும் எழுத்தாலே தூண்டுபவர். 1923-ல் கிண்டரில் நிலம் வைத்திருந்த ஒரு கனவான் கோர்ட்டுக்குப் போனார். வார்டு இனி அந்த மலையில் கால் வைக்கக் கூடாது என்று தடை உத்தரவு பிறந்தது.

சற்று யோசித்துப் பாருங்கள். அந்த மலையைச் சுற்றித்தான் அவர் இருபத்துநாலு வயதில் முதல் நடை போனார். அதன் ஓடைக்கும் பாறைக்கும் பெயர் திருத்தியவர் அவர். மற்ற எவன் வேண்டுமானாலும் அகப்பட்டால்தான் குற்றம். அவருக்கு மட்டும் பெயர் சொல்லித் தடை. ஒரு சின்னக் கைப்புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய மதிப்புரை எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

புத்தகம் நிற்கவில்லை. 1926-ல் ஷெபீல்டு வட்டாரத்து நடைச் சங்கங்கள் எல்லாம் ஒன்று கூடியபோது அதிலும் வார்டு முன்னால் நின்றார். வின்னட்ஸ் என்ற செங்குத்தான கணவாயில் ஆண்டுதோறும் கூட்டம் போட்டு, மேட்டு நிலத்தை ஜனங்களுக்குத் திறந்துவிடச் சட்டம் வேண்டும் என்று கேட்டார்கள்.

இளைஞர்களுக்குப் பொறுமை போதவில்லை. 1932-ம் வருஷம் ஏப்ரல் 24-ம் தேதி, மாஞ்செஸ்டரைச் சேர்ந்த பென்னி ராத்மன் என்ற இருபது வயதுத் தொழிலாளியின் தலைமையில், நூற்றுக்கணக்கானவர்கள் பகிரங்கமாகக் கிண்டரில் ஏறினார்கள். காவல்காரர்களோடு கைகலப்பு. ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பழைய சங்கங்கள் இந்த ஏற்பாட்டை ஆதரிக்கவில்லை; காரியம் கெட்டுப் போகும் என்று அஞ்சின. யார் கணக்குச் சரி என்று இன்றைக்கும் அந்த ஊரில் வாதம் நடக்கும். சிறைத் தண்டனையைக் கேட்டுத்தான் தேசம் விழித்துக்கொண்டது என்பது உண்மை. அந்த இளைஞர்கள் ஏறுவதற்கு முப்பத்திரண்டு வருஷம் முன்னதாகவே ஒருவர் வழியை எழுதி வைக்கத் தொடங்கிவிட்டார் என்பதும் உண்மை.

இன்னொரு வார்டு

இங்கே வாசக நேயர்களுக்கு இன்னொருவரை அறிமுகப்படுத்த வேண்டும். இவரும் வார்டுதான், ஆனால் வேறு உலகம். ஷெபீல்டில் தாமஸ் வார்டு என்ற பெரும் செல்வர், பழைய இரும்பு வியாபாரி. முதல் உலக யுத்தத்தில் குதிரைகளைப் பட்டாளத்துக்குக் கொண்டு போய்விட்டதால், இவர் ஒரு மிருகக் காட்சிக் கம்பெனியிலிருந்து லிஸ்ஸி என்ற யானையைக் கொண்டு வந்து இரும்பு வண்டி இழுக்க வைத்தார். ஷெபீல்டு வீதியில் யானை! அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அது ஒரு திருவிழாவாக இருந்திருக்கும்.

அந்தச் செல்வரின் பெண் ஈத்தல். 1916-ல் ஒரு பட்டாள அதிகாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். மறு வருஷமே யுத்தம் அவனைக் கொண்டு போயிற்று. வயது இருபத்துமூன்று. பேச்சற்று, சாப்பாடற்று, அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவளை வீட்டார் கட்டாயப்படுத்தி வெளியே மேட்டு நிலத்துக்கு அழைத்துப் போனார்கள். நடக்க நடக்க, அந்தக் காற்றும் வெளியும் அவளை மெல்ல மெல்லப் பிழைக்க வைத்தன. தன்னைக் காப்பாற்றிய மலையைக் காப்பாற்றுவது என்று 1924-ல் அவள் தன் வீட்டிலேயே ஒரு சங்கம் தொடங்கினாள்.

அதற்கு வேலை உடனே வந்தது. ரட்லண்டு பிரபுவின் லாங்ஷா பண்ணை 1927-ல் விலைக்கு வந்தது. 747 ஏக்கர், நகரத்துக்கு வெகு அருகில். மனை பிரித்துக் கட்டடம் கட்டுகிறவர்கள் கையில் போனால் அதோ கதிதான். ஈத்தல் வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகக் கடிதம் எழுதினாள். பணக்காரர்களும் கொடுத்தார்கள், கையில் மிச்சமில்லாத நடைக்காரர்களும் கொடுத்தார்கள். நிலம் வாங்கப்பட்டு, 1931-ல் நாஷனல் டிரஸ்டு என்ற பொது நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பிற்பாடு ஈத்தல், தன் சங்கத்தில் வேலைக்கு வந்த ஜெரால்டு ஹேதார்ன்த்வெயிட் என்ற கட்டடக் கலைஞரை 1937-ல் மணந்துகொண்டாள். வாழ்நாள் முழுவதும் இருவருக்கும் இதே வேலை. ஷெபீல்டைச் சுற்றி வீடு கட்டக் கூடாத ஒரு பசுமை வளையத்தை நகர சபை 1938-ல் ஏற்றுக்கொண்டதும் இவர்கள் முயற்சியால்தான்.

ஈத்தலுக்கும் பெர்ட் வார்டுக்கும் நோக்கம் முற்றிலும் ஒன்றல்ல. அவருக்கு மலை அழகு கெடாமல் இருக்க வேண்டும். இவருக்கு மலையின் கதவு திறக்க வேண்டும். ஒருவர் காப்பவர், மற்றவர் திறப்பவர். இவை இரண்டும் எப்போதும் ஒத்துப் போகும் என்று சொல்ல முடியாது. கதவு திறந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் அழகு கெடும் என்பவர்கள் அன்றும் உண்டு. ஆனால் லாங்ஷாவில் நடந்தது என்ன? நிலத்தை வாங்கப் பணம் கேட்டபோது, அங்கே ஒரு தரமாவது நடந்து பார்த்தவர்கள்தான் முந்திக்கொண்டு பையை அவிழ்த்தார்கள். பார்த்திராத ஒன்றுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

தண்ணீருக்குள் போன ஊர்

எல்லாவற்றையும் காக்க முடிந்ததா என்றால், இல்லை. டெர்வெண்ட் என்று ஒரு பள்ளத்தாக்கு. வார்டு விரும்பி எழுதிய இடங்களில் ஒன்று. வளரும் நகரங்களுக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று அங்கே ஒன்றன் பின் ஒன்றாக அணைகள் எழும்பின. கடைசி அணையான லேடிபவர் 1945-ல் திறக்கப்பட்டது. டெர்வெண்ட், ஆஷப்டன் என்ற இரண்டு கிராமங்கள் நீரில் மூழ்கின. மாதா கோவில் வளாகத்துப் பிரேதங்களைக் கூடத் தோண்டி எடுத்துப் பக்கத்து ஊரில் மறுபடி அடக்கம் செய்தார்கள். கோவிலின் கோபுரம் மட்டும் சில காலம் ஏரியின் நடுவில் தலை நீட்டிக்கொண்டு நின்றது. ஆபத்து என்று 1947-ல் அதையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

ஊர்க்காரர்கள் யாரிடம் போய் முறையிடுவார்கள்? தண்ணீர் போனது அதே ஷெபீல்டுக்குத்தான். புகையிலும் தூசியிலும் வேலை செய்துவிட்டு வருகிற அதே பெண்கள் முகம் கழுவத்தான். இதில் நியாயம் எந்தப் பக்கம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்த ஊரின் பழைய கல் பாலம் ஒன்றை மட்டும், கல் கல்லாகப் பிரித்து எண் போட்டு வைத்திருந்து, 1959-ல் ஏரிக்கு மேலே வேறோர் இடத்தில் அப்படியே கட்டினார்கள். வார்டுக்கு முன்னோடியாக அந்த மேட்டு நிலத்தைப் பற்றி 1904-ல் வழிகாட்டிப் புத்தகம் எழுதிய ஜான் டெரி என்ற பத்திரிகாசிரியரின் நினைவாக அது இன்று நிற்கிறது.

தோல்வி மலை

பீக் மாவட்டத்தில் எதிரெதிரே இரண்டு குன்றுகள் உண்டு. ஒன்றுக்கு வின் ஹில், மற்றதற்கு லூஸ் ஹில் என்று பெயர். வெற்றி மலை, தோல்வி மலை. முன்னொரு காலத்தில் இரண்டு ராஜாக்கள் சண்டையிட்டபோது, ஜெயித்த படை ஒன்றிலும் தோற்ற படை மற்றதிலும் முகாம் போட்டிருந்தது என்று கர்ண பரம்பரைக் கதை. பெயராராய்ச்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை; நமக்கென்ன, கதை நன்றாக இருக்கிறது.

1945 ஏப்ரலில், யுத்தம் முடியும் தறுவாயில், ஷெபீல்டு நடைக்காரர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, லூஸ் ஹில் உச்சியில் ஐம்பது ஏக்கருக்குச் சற்று மேல் வாங்கினார்கள். பெருங்கூட்டமாக மேலே ஏறிப் போய் அதன் பத்திரத்தை பெர்ட் வார்டின் கையில் கொடுத்தார்கள். அறுபத்தொன்பதை நெருங்கிக்கொண்டிருந்த கிழவர். கோர்ட்டு உத்தரவு போட்டு ஒரு மலையிலிருந்து விலக்கப்பட்டவர், இன்னொரு மலைக்கு எஜமானராகிவிட்டார்! "வார்டின் துண்டு நிலம்" என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அவர் செய்தது என்ன? வாங்கிக்கொண்டார்; வாங்கின கையோடு நாஷனல் டிரஸ்டுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். நிலத்துக்கு வேலி போட்டுக்கொள்ள அவருக்குத் தெரியாது.

பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. 1949-ல் தேசியப் பூங்காச் சட்டம். 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் மாவட்டம். அடுத்த சில வருஷங்களுக்குள் சொந்தக்காரர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, கிண்டரின் மேட்டு நிலத்தையும் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். வார்டு அதுவரை இருந்தார். 1957-ல் ஷெபீல்டு சர்வகலாசாலை, கல்லூரிப் படியே மிதிக்காத அந்த இயந்திரத் தொழிலாளிக்கு எம்.ஏ. பட்டம் வழங்கிக் கௌரவித்தது. அவ்வருஷமே அவர் காலமானார். கைப்புத்தகம் அவருக்குப் பிறகும் 1964 வரை வந்தது. இப்போது பழைய பிரதி ஒன்று அகப்பட்டால் சேகரிப்போர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்களாம். பையில் போட்டுக்கொண்டு மழையில் நனையவென்று அச்சிட்ட புத்தகம்!

கிண்டர் 1982-ல் நாஷனல் டிரஸ்டின் சொத்தாயிற்று. மேட்டு நிலங்களில் யாரும் நடக்கலாம் என்ற பொதுச் சட்டத்தை 2000-ல் பார்லிமெண்டு நிறைவேற்றியது. 1932-ல் இளைஞர்களை மறித்த பிரபுவின் பேரர், 2002-ல் நடந்த எழுபதாவது ஆண்டு விழாவில் எழுந்து நின்று, தம் பாட்டனார் செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஈத்தல் அம்மையார் 1986 வரை வாழ்ந்து, பசுமை வளையத்தைக் கண்ணை இமை காப்பது போல் காத்துவிட்டுப் போனார்.

கூட்டம் வந்தால் அழகு கெடும் என்று பயந்தவர்கள் சொன்னது? அதுவும் ஓரளவு பலித்தது. 1965-ல் பென்னைன் வே என்ற நெடும் பாதை ஈடேலிலிருந்து தொடங்கியது. ஆயிரக்கணக்கான பூட்சுகள் மிதித்ததில் மேட்டின் கறுத்த ஈர மண் குழம்பி, பாதை வருஷத்துக்கு வருஷம் அகன்றுகொண்டே போயிற்று. ஆனால் அந்த மண்ணை முதலில் கெடுத்தது நடைக்காரர்களின் கால் அல்ல. நூற்றாண்டுக் கணக்காகச் சுற்றுப்புற நகரங்களின் ஆலைப் புகை மேலே படிந்து, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பாசியைக் கொன்றுவிட்டிருந்தது. இப்போது சிறிய ஓடைகளை மடக்கி ஈரத்தைத் தேக்கி, அந்தப் பாசியை மறுபடி கைகளாலேயே நட்டு வருகிறார்கள்.

பாதைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? மூடிப்போன பழைய பஞ்சாலைகளை இடித்தபோது தரையில் பாவியிருந்த பெரிய பெரிய கற்பலகைகள் கிடைத்தன. அவற்றை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டு போய், மலை மேல் வரிசையாகப் பதித்தார்கள். கூலிக்காகக் காலையிலிருந்து மாலை வரை நின்று நின்று அந்தக் கற்களைத் தேய்த்தவர்களின் பேரப் பிள்ளைகள், இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கற்களின் மேல் நடந்து போகிறார்கள்.